ஐயையோ அக்கா என்று பெயர் வைத்தவள் எழுதுவது

என் ஆசை மதினிக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றரை. மூன்று நாளாக மழை விடவில்லை. நமுனுகுல மலை எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியவில்லை, நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரே வெள்ளைப் புகாராக, பனிமூட்டமாக நிற்கிறது. ஆறு மணிக்கு டிவியில் அந்தக் கதையைத் திரும்பவும் போடுகிறார்களாம். காலையிலிருந்து விளம்பரம் காட்டுகிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எந்தக் கதை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை இன்னும் சிலரும் கேட்க வேண்டியிருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். பேருக்குத்தான் அது பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன், நாம்தானே முதலில் பாயைப் போட்டு உட்காருவோம். ஒரு மொட்டைத்தலை அப்பா, அவர் பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். தமிழில் பேச வைத்து, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஓடுகிறது. என் மகன் பிறந்து வளர்ந்து ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டான், அந்தக் கார்ட்டூன் பையன் இன்னும் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. உங்களுக்கும் இனி முப்பத்தெட்டு வயதுதான்.

அந்த ஒரு வாரத்துக் கதையில் பக்கத்து வீட்டு ஒல்லி மாமா ஊருக்குப் பின்னால் இருக்கிற மலை நகர்வதைக் கண்டுபிடித்துவிடுவார். குடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஓடுவார். மொட்டைத்தலை அவருக்கு "ஐயையோ மாமா" என்று பெயர் வைப்பான். ஊரே கைதட்டி அந்தப் பெயரைப் பாடும். கடைசியில் மனிதர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார், அன்றைக்குத்தான் மலை வரும். எல்லாரும் சேற்றுக்குள்ளிருந்து தலையில் பிளாஸ்டரோடு எழும்பி வந்து சிரிப்பார்கள். அடுத்த வாரம் பார்த்தால் அதே வீடு, அதே பெயின்ட், ஒரு கீறல்கூட இருக்காது. எப்படிச் சிரித்தோம் மதினி! எனக்கு வயிறே வலித்தது.

அந்த மாதம்தான் மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் மழை அளக்கிற குழாயை நம் லயத்தில் கொண்டுவந்து நட்டார்கள். மஞ்சளில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு. தண்ணீர் சிவப்பைத் தாண்டினால் பதினாலு வீட்டையும் கிளப்பிக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவர் என்று பார்க்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்தார்கள். மூன்று தடவை தாண்டியது, மூன்று தடவையும் நீங்கள் கதவு கதவாகத் தட்டினீர்கள். பாயும் பிள்ளையுமாக நனைந்துகொண்டு போய், மறுநாள் திரும்பி வந்தால் மலை இருந்த இடத்தில் இருந்தது. மூன்றாம் தடவை மேல் வீட்டுக் கோழிகளை மரநாய் தின்றிருந்தது. அதற்கும் உங்களைத்தான் ஏசினார்கள்.

அடுத்த நாள் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில், அத்தனை பேருக்கு முன்னால் நான்தான் வாயைத் திறந்தேன். "வாங்க ஐயையோ அக்கா, இன்னைக்கு மலை எந்தப் பக்கம் நடந்துச்சு?" கங்காணிகூடச் சிரித்துவிட்டார்.

மதினியைக் கேலி செய்ய நாத்தனாருக்கு இல்லாத உரிமையா? கல்யாணத்தன்று நீங்கள் மாலையோடு வந்தபோதே வாசலை மறித்து, கேலி பேசித்தானே உள்ளே விட்டேன். முறைக்காரி செய்கிற கேலிக்குக் கோபப்படக் கூடாது என்பதும் நம் முறைதான். நீங்கள் கோபப்படவில்லை. ஆனால் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது, பெயர் எல்லார் வாய்க்கும் போய்விட்டது. ஒரு வாரத்துக்குள் நேற்றுப் பேசப் பழகிய குழந்தை வரைக்கும் உங்களை அப்படித்தான் கூப்பிட்டது. என் வாய்க்கொழுப்பு, வேறென்ன சொல்ல.

இனி எழுதப்போவதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம், அந்த ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் அதே கார்ட்டூனில் வேறு ஏதோ கதை ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் மழைக்குப் படங்குச் சீலையைத் தலையில் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றீர்கள்.

"பானு, செவப்பத் தாண்டிருச்சு."

நான் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "வந்துட்டாங்கப்பா ஐயையோ அக்கா" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இது முடியட்டும், உட்காருங்க என்றும் சொன்னேன்.

"இல்ல, நான் மேல போயி தண்ணித் தொட்டிக்கிட்ட இருக்க அந்த வெடிப்ப ஒருக்காப் பாத்துட்டு வந்துர்றேன். நெசமா விரிஞ்சிருந்தா எல்லாருக்கும் சொல்லலாம். சும்மா சொல்லி இன்னொருக்கா சிரிக்க வைக்க வேணாம்."

நீங்களும் சிரித்த மாதிரிதான் இருந்தது. சிரித்தீர்களா மதினி? நான் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பத்து லொறி ஒன்றாகக் கல்லைக் கொட்டுகிற மாதிரி சத்தம். வெளியே ஓடினோம். சரிந்த மண் மேலே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்து நின்றுவிட்டது, லயத்தில் ஒரு தகரம்கூடப் பெயரவில்லை. எல்லாரும் இருக்கிறோமா என்று எண்ணிப் பார்த்தபோது நீங்கள் மட்டும்தான் இல்லை. இரண்டாம் நாள் தேயிலைக்கு நடுவிலிருந்து உங்களைத் தூக்கி வந்தார்கள்.

அண்ணன் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார், அந்த மழையில் அவள் எதற்கு மேலே போனாள் என்று. என்னிடமும் கேட்டார். "தெரியலண்ணே, வெறகுக்குப் போயிருப்பாங்க" என்றேன். பிள்ளைகளிடமும் பேசக் கூடாது என்று சொல்லிவைத்தேன். உங்களுக்குப் பதினாறாம் நாள் படைத்தபோது அண்ணன் தேங்காயை உடைக்க முடியாமல் அடுத்தவர் கையில் கொடுத்தார், அப்போதும் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லவில்லை.

இப்போதைய சேதியைக் கேளுங்கள். அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் யாரும் பார்க்கும் முன்னே மிதிபட்டு உடைந்த குழாய்க்குப் பதிலாக, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாகப் புதுக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து நட்டார்கள். யார் பார்ப்பது என்று கேட்டபோது நான்தான் கையைத் தூக்கினேன். போன வாரம் நம் லயத்துக்கு நேர் பின்னால் ஒரு வெடிப்பு வந்திருக்கிறது. அன்றைக்கு உள்ளே நாலு விரல் போனது, நேற்றுக் காலையில் மணிக்கட்டு வரைக்கும் போனது. மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் இரண்டு நாளாகத் தேயிலைச் சாயத் தண்ணீர் நிறத்தில் வருகிறது. அண்ணன் வீட்டுக் கதவு நிலையில் பொருந்தவில்லை. மழைக்குப் பலகை ஊதிவிட்டது என்று அதைச் சீவிக்கொண்டிருக்கிறார். பலகை ஊதவில்லை மதினி. சுவர்தான் சாய்கிறது.

வெள்ளிக்கிழமையே கெஞ்சினேன், பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று. அண்ணன் சீவுளியைக் கீழே வைக்காமலே உங்கள் பெயரைச் சொல்லிப் பதில் சொன்னார்.

"செவப்பத் தாண்டியிருந்தா சரசு எங்கிட்ட சொல்லாம இருந்திருப்பாளா? அன்னைக்குத் தாண்டல. தாண்டாமலே மலை வந்துச்சு. அப்பறம் இந்தக் கொழாய நம்பி நான் எதுக்கு ஓடணும்?"

பதினாலு வீட்டிலும் இதே பேச்சுதான். சரசே ஏமாந்த குழாய், அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்கிறார்கள். உங்களைக் கேலி செய்தவர்களெல்லாம் இப்போது உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். நான் விறகு என்று சொன்ன ஒரு சொல் அத்தனை பேரையும் அந்தச் சுவர்களுக்குள் பிடித்து வைத்திருக்கிறது. குழாய் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை, சொன்னவள் நான்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அண்ணன் கேட்பார். உங்களை இழந்த மனிதருக்கு நானும் இல்லாமல் போய்விடுவேனே என்று பயந்தேன் என்றால் நம்புவாரா? அதுவும் முழு உண்மையில்லை. எனக்கு நான்தான் பெரிதாக இருந்தேன்.

பின்னேரம் எல்லாரும் அண்ணன் வீட்டில் கூடுவார்கள், பெரிய டிவி அங்கேதான் இருக்கிறது. அந்தக் கதை தொடங்கும்போது டிவிக்கு முன்னால் நின்று இதை வாசிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இப்போது எழும்பிப் போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வந்தேன். மணி நாலு இருபது. சிவப்பைத் தாண்டிவிட்டது.

ஆறு மணி வரைக்கும் நான் பொறுக்கப்போவதில்லை. இந்தத் தாளோடு இப்போதே அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போகிறேன், நீங்கள் வாசலில் சொன்னதைக் கேட்டவர்கள் அவர்களும்தான். அண்ணன் அடித்தால் அடிக்கட்டும். இந்த ஜென்மத்துக்கும் என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றால் அதுவும் சரி. ஆனால் அதைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லட்டும்.

உங்களுக்குச் சத்தியம் செய்து கொடுக்கிறேன் மதினி. வெடிப்பைப் பார்க்க நான் மேலே போக மாட்டேன். நிச்சயமாகத் தெரியட்டும் என்று நிற்கவும் மாட்டேன். பதினாலு கதவையும் தட்டுவேன், சிரிக்கிறவர்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே இறங்குவேன். அண்ணன் வராவிட்டால் மற்றவர்களை அனுப்பிவிட்டு அவர் வாசலில் நின்று கத்துவேன், வருகிறவரைக்கும் கத்துவேன்.

நீங்கள் வந்து நின்றபோது திரும்பிப் பார்க்காத
உங்கள் நாத்தனார்,
பானு