பஸ் ஸ்டாண்டு பிளெக்ஸ்

அண்ணனுக்கு,

குஜிலியம்பாறை பஸ் ஸ்டாண்டில் நீ வைத்த பிளெக்ஸைப் பார்த்துவிட்டு முப்பது பேர் வந்து அப்பாவுக்காக ரத்தம் கொடுத்தார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். உன்னைக் கும்பிட மனசு வரவில்லை.

அப்பாவிடம் ரத்தச்சோகை என்று மட்டும்தான் சொல்வோம் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் நீ. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கியவர், உன் பெரிய படத்துக்குக் கீழே தன் சின்னப் படத்தைப் பார்த்தார். ‘ரத்தப் புற்றுநோய்’ என்று எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட மட்டும் ஏன் தாயி சொல்லல?”

உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூடவே இருந்தவள் நான்தானே. இப்போது நான் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையையும், இது எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் விழுங்குகிறார்.

வேறு வழியில்லாமல்,
உன் தங்கச்சி