பேர் வெட்டிய ஜக்கு

ஆரணி,
14-9-78

சிரஞ்சீவி மணவாளனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் வலிகூட இந்த வாரம் தேவலாம், அந்த பம்பாய் மழையில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியது. உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. டில்லியில் முதல் பரிசு வாங்கிய உன் எவர்சில்வர் ஜக்கை ஜெர்மனியில் கண்காட்சிக்கு வைக்கப் போகிறார்கள், மிஷினில் செய்தது வேண்டாமாம், நீ கையால் தட்டிச் செய்து எங்களுக்கு அனுப்பிய அந்த முதல் ஜக்குதான் வேண்டுமாம், ஒரு கீறல் இல்லாமல் பத்து நாளில் அனுப்பு என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே, அந்த ஜக்கில் நான் பேர் வெட்டிவிட்டேன்.

புதுவாயலில் இருக்கிற உன் சித்தி மணியம்மாள், தன் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் பாத்திரம் கேட்டு வந்தவள், இதைப் பார்த்துவிட்டு, இன்னாக்கா இது, பிடியும் இல்ல விளிம்பும் இல்ல, வாத்து கழுத்தத் திருப்பிக்கினு குந்தியிருக்கிற மாரி கீது என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. இந்த வாத்துக்குத்தான்டி டில்லியில முதல் பரிசு என்றேன். உடனே வரிசையில் வைக்க இதுவும் வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் நாலு பேர் பார்க்கட்டும் என்று எனக்கும் ஆசைதான். நாற்பது வீட்டுப் பாத்திரம் கலக்கிற இடத்துக்குப் பேர் வெட்டாமல் எப்படிக் கொடுப்பது, பாத்திரக்கடை ராஜமாணிக்கத்திடம் எடுத்துக்கொண்டு போனேன். விளிம்பில் வெட்டுவதுதான் வழக்கம், இதற்கு விளிம்பே இல்லை. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கம்மா வெட்றது, இதுக்கு மேல எது கீழ எதுன்னே தெரியலியே என்றார். நான்தான் நட்டநடுவில், நன்றாக வளைந்து பளபளக்கிற இடத்தில் விரலை வைத்தேன். நம் வீட்டில் அப்பா பேரைத்தான் வெட்டுவோம், இதில் மட்டும் உன் பேர், பூ. மணவாளன், ஆரணி என்று இரண்டு வரி. இந்த வீட்டில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது, கையால் தடவியாவது பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது.

உன் கடிதத்தைப் பார்த்து அப்பா தலையில் அடித்துக்கொண்டார். இன்னா காரியம் பண்ணிக்கீற, புள்ள ஒரு வருஷம் பாடுபட்டத அரை மணியில கெடுத்துட்டியே என்றார். தேய்த்து எடுத்துவிடலாமா என்று கேட்டால், எடுத்தால் பள்ளம் விழும் என்கிறார் ராஜமாணிக்கம். அதனால் அப்படியே வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறோம், நாளைக்கு அப்பா பொன்னேரி தபாலாபீஸில் ரிஜிஸ்டர் பண்ணுகிறார். கண்காட்சிக்காரர்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்றால் என் அம்மா விவரம் தெரியாதவள் என்று சொல்லிவிடு, எனக்கு அதில் வெட்கம் இல்லை, உன் உழைப்பு வீணாகிவிடுமே என்றுதான் கவலை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் நிறைய பேக்டரி வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். அங்கேயும் ஜக்கு செய்ய ஆள் தேவைப்படாதா என்று அப்பாவைக் கேட்டேன், அவர் பெட்டிக்கு ஆணி தேடப் போய்விட்டார்.

பெட்டிக்கு ஆணி அடிக்கும்போது அவராகவே என்னைச் சமாதானப்படுத்தினார். அவங்க வேணான்னா போவட்டும், பேரு ஊரு வெட்டிக்கீது, எந்த தேசம் போனாலும் ஊடு வந்து சேர்ந்துரும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்திரத்துக்குத்தானே அந்த வழக்கம் வைத்திருக்கிறோம், பிள்ளைகளுக்கு வைக்கவில்லையே.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. பொங்கலுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடு. நீ தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஜக்கு ஜெர்மனிக்குப் போகட்டும், நீ இங்கே வா.

உன் அம்மா,
பூ. தாயாரம்மாள்