மடக்கை போட்டுக் கேட்கும் காது

இன்று காலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்ததும் அந்த எண்ணெய் வாசனை முகத்தில் மோதியது. தகடு வெட்டும் மிஷினுக்கு ஊற்றும் எண்ணெய். என் அப்பாவின் சட்டையில் வருஷக்கணக்காகக் குடியிருந்த வாசனை. உடனே உன் ஞாபகம்தான் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் மூக்கைச் சுளிக்காமல், "இது இன்னா எண்ணெய்டி? இன்னாத்துக்கு ஊத்துவாங்க?" என்று கேட்டவள் நீ ஒருத்திதான்.

உனக்கு எல்லாவற்றிலும் ஒரு 'இன்னாத்துக்கு' இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் கணக்கு சார் மடக்கையை, அதாவது லாக் கணக்கை, நடத்தி முடித்ததும் எழுந்து நின்று, "சார், இது எதுக்கு சார்?" என்றாய். "பாஸ் பண்றதுக்கும்மா" என்றார் அவர். வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. பிறகு இயற்பியலில் சத்தத்தை மடக்கை போட்டு அளக்கும் டெசிபல் வந்த அன்று என் கையைக் கிள்ளினாய். "மாட்டிச்சுடி மடக்கை!"

அன்று சாயங்காலம் அண்ணனூரில் ரயிலை விட்டு இறங்கியதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாய். அப்பா டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்திருந்தார். அவர் காதருகே கத்தினாய்: "அப்பா, உங்க ஷாப்ல ஒரு மிஷின் ஓடறப்ப இருக்கிற சத்தம், ரெண்டு ஓடுனா டபுளா கேக்குமா?"

அப்பா யோசித்தார். "டபுள்லாம் இல்லமா. கொஞ்சூண்டு ஜாஸ்தி, அவ்ளோதான்."

நீ என் பக்கம் திரும்பினாய். "பாத்தியா? நம்ம காதே மடக்கை போட்டுத்தான்டி கேக்குது. எவ்ளோ சத்தத்துல நின்னுகினு கீறார்னு அவருக்கே தெரியல."

அதுவரை அப்பாவின் காது எங்கள் வீட்டில் வெறும் சண்டை. "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசிகினு கீறீங்க" என்பார். நீ அதை ஒரு கேள்வியாக மாற்றிவிட்டாய்.

பிளஸ் டூ முடிந்ததும் உன்னை நர்சிங்கில் சேர்க்க உன் அம்மா சர்ச் சபையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். நீ ஆடியாலஜி என்றாய். "பேரே வாய்ல நுழையல. இத்த படிச்சா எவன்டி வேலை குடுப்பான்?" என்றார். "காது இருக்கிற ஊர்லல்லாம் வேலை கீதும்மா" என்றாய்.

என்னையும் நீ விடவில்லை. வேதியியல் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று விழித்தபோது தொழிற்சாலைப் பாதுகாப்புப் படிப்பு என்று ஒன்று இருப்பதைச் சொன்னவள் நீ. "காது போறதுக்கு முன்னாடி நீ போய் நில்லு. போனதுக்கு அப்புறம் நான் பாத்துக்கிறேன்."

கரையான்சாவடியில் ஒரு காது கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் அப்பாவைத்தான் கூப்பிட்டாய். பரிசோதனையில் கீச்சென்ற ஒலிகள் எதுவுமே அவருக்கு எட்டவில்லை. "ச, த எல்லாம் அவருக்கு விழறதே இல்ல. சசின்னு சொன்னா வெறும் அ, இ தான் கேட்டிருக்கும்" என்றாய். நாங்கள் வாய்க்குள் பேசுவதாக அவர் சொன்னது பொய்யே இல்லை.

காது மிஷினை மாட்டி, எந்த ஒலி எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கூட்டிவைத்து, "இப்ப பேசுடி" என்றாய்.

"அப்பா, நான் சசி."

அவர் நிமிர்ந்தார். "நானே வெச்ச பேரு. இவ்ளோ கூரா இருக்கும்ன்றதே மறந்து பூட்சு."

நாங்கள் அழுதுகொண்டிருந்தோம். நீ அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். சத்தமெல்லாம் அடங்கிய பிறகும் காதுக்குள் கொய்ங்கென்று ஏதோ ஒலிப்பதாக அப்பா சொல்லியிருந்தார். "வெளிய இல்லாத சத்தத்த உள்ள யாருடி பண்றது? அதுக்கு எத்தனை டெசிபல்?" மேற்படிப்பில் அதையே எடுக்கப்போவதாகச் சொன்னாய். இடமும் கிடைத்தது.

அதற்குள் அந்த மழைக்காலத்துக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது தலைமாட்டு மானிட்டரைக் கண்ணால் காட்டி, "இந்த பீப் ஆயிரம் ஹெர்ட்ஸ் இருக்கும்ல?" என்றாய். "இருக்கும்டி" என்றேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

இன்று அந்த ஷாப்பின் சூப்பர்வைசர் என் ஒலி மீட்டரை எட்டிப் பார்த்து, "லிமிட்டுக்கு மேல மூணுதானே மேடம் ஜாஸ்தி கீது? இதெல்லாம் ஒரு மேட்டரா?" என்றார். மூன்று டெசிபல் கூடினால் காதுக்குள் போகும் ஒலியின் சக்தி இரு மடங்கு என்று மடக்கையை விளக்கினேன். "அட, அப்டியா?" என்று மிஷின்களைத் திரும்பிப் பார்த்தார். அடியில் ரப்பர் வைக்கவும் எல்லோருக்கும் காதடைப்பான் வாங்கவும் ஒத்துக்கொண்டார்.

அதோடு என் வேலை முடிந்தது. ஆனால் உன் கேள்வியைக் கேட்காமல் நான் எந்த ஷாப்பை விட்டும் கிளம்புவதில்லை. டீ நேரத்தில் மிஷின்கள் நின்றதும் வேலை செய்பவர்களிடம் போனேன்.

"ஊட்டுக்குப் போன பிறகு காதுல ஏதாவது கேக்குதா?"

ஒருவர், "சில்வண்டு மாதிரி" என்றார். இன்னொருவர், "விசிலுக்கு முன்னாடி குக்கர்ல வருமே, அது" என்றார். ஓரமாக நின்ற ஒரு பெண் அவர்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சிகினு இருந்தேன்க்கா" என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் பற்றிச் சொன்னேன்.