பவுடருக்கு அடியில்

என் அன்பு வௌவாலுக்கு,

அப்பா தூங்கிவிட்டார். சமையலறை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் துணிப்பையில், உன் முழுக்கைச் சட்டைக்குள் இது இருக்கும். அம்மா பிரிப்பதற்குள் எடுத்துவிடு.

உன் அறையின் கறுப்புத் திரை அப்படியேதான் தொங்குகிறது. வெயில் பட்டால் உன் லூபஸ் நோய் கிளம்பிவிடும் என்று அம்மா தைத்தது. அந்த இருட்டைப் பார்த்துத்தானே உனக்கு வௌவால் என்று பெயர் வைத்தேன்.

அண்ணா, உனக்கு முதலில் வலித்தது விரலா, முழங்காலா? காலையில் அம்மா உன் விரல்களை வெந்நீரில் ஒவ்வொன்றாக நீவி விரிப்பாளே, அது எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? காலை வேளையில் என்னால் பேனா பிடிக்க முடியவில்லை.

ஒரு வாரமாகப் பவுடர் பூசிக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். "என்னடி, இன்னைக்கு உனக்குக் கல்யாணமா?" என்று பக்கத்தில் உட்காருகிறவள் கேலி செய்கிறாள். பவுடருக்கு அடியில் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்திருக்கிறது. உனக்கு வந்ததே, அதே மாதிரி.

நேற்று போனில் அம்மா, "நீ ஒருத்தியாவது நல்லா இருக்கியே, அது போதும்டி எனக்கு" என்றாள். "சாப்பிட்டியாம்மா?" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

மாலையில் முகத்தைக் கழுவிவிட்டு வருவேன். நான் உள்ளே வரும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொள். என்னைப் பார்த்து ஏதாவது கிண்டல் செய். நீ சிரித்தால் அம்மா கொஞ்சம் தாங்கிக்கொள்வாள். நானும்தான்.

இப்படிக்கு,
இன்னொரு வௌவால்