சுண்ணாம்புக்கல் தானாகச் சிதையும் என்று எழுதிவிட்டேன்

என் வசந்தா,

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நீ திட்டுவாய். மற்றவர்கள் பரிதாபப்படுவார்கள்.

கடலூரில் நம் மாலதி, தன் பிளஸ் ஒன் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் தேர்வு வைக்கும்போதெல்லாம் விடைக்குறிப்பு நான்தான் எழுதித் தருகிறேன். முன்பு நான் எழுதுவேன், நீ சரிபார்ப்பாய். நீ போன பிறகு நானே எழுதி, நானே சரிபார்த்து, சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இந்த முறை ஒரு கணக்கு. சுண்ணாம்புக்கல் சிதைவது வெப்பம் கொள்வினையா, அறை வெப்பநிலையில் அது தன்னிச்சையாக நடக்குமா? முதல் பாதி சரி. என்தால்பி மாற்றம் நேர்க்குறி, ஆகவே வெப்பம் கொள்வினை. இரண்டாம் பாதிக்கு, என்ட்ரோபி மாற்றத்தை வெப்பநிலையால் பெருக்கி, என்தால்பியிலிருந்து கழிக்க வேண்டும். ஒன்று கிலோஜூலில் இருக்கும், மற்றது ஜூலில். ஆயிரத்தால் வகுக்காமலே கழித்துவிட்டேன். பெரிய எதிர்க்குறி எண் வந்தது; எதிர்க்குறி என்றால் தானாக நடக்கும் என்று பொருள். 'தன்னிச்சையானது' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

வகுக்க மறப்பது பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். என்னைக் கலங்கடிப்பது அதுவல்ல. திரும்பத் திரும்பப் படித்தும் அந்த விடை எனக்கு உறுத்தவேயில்லை. நீ பார்த்திருந்தால், "ஏங்க, தானா நடக்குறதுக்கு எதுக்குங்க காளவாய் வச்சுச் சுடணும்? நம்ம வீட்டுச் சுண்ணாம்புச் சுவரு இந்நேரம் உதுந்து போயிருக்குமே" என்று கேட்டிருப்பாய். அந்தக் கேள்வி எழ வேண்டிய இடம் எனக்குள் காலியாக இருந்தது.

மாலதி கூடத்தில் நின்றபடியே படித்தாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "என்ன மாமா, பொண்ணு உங்களுக்கு மார்க் போடுறாளா?" என்று மருமகன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில்தான் சொன்னாள். "அப்பா, இனிமே நானே எழுதிக்குறேன். நீங்க ஏன் வீணா அலையணும்?"

தப்பு ஏதும் இருந்ததா என்று கேட்டேன். பையிலிருந்து தாளை எடுத்து, ஆயிரத்தால் வகுக்காத வரியைக் காட்டினாள்.

"போன தடவையும் ஒண்ணு இருந்துச்சுப்பா. நான் திருத்திட்டேன்."

கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றேன். "சரிப்பா" என்றாள். அவள் நம்பவில்லை. நம்பாததை என்னிடம் காட்டிக்கொள்ளவும் இல்லை. அது எவ்வளவு கனமான மரியாதை தெரியுமா?

ஒருவேளை நான்தான் பெரிதாக்குகிறேனோ? ஒரே அளவீட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று வகுப்பில் சொன்னவன் நான். ஆனால் இப்போது அளவீடு ஒன்றல்ல. பஸ்ஸில் வரும்போது அதே கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். ஆயிரத்தால் வகுத்தேன். சரியாக, நேர்க்குறியில் வந்தது. அதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. சொல்லித் தந்தால் சரியாகச் செய்பவனாகிவிட்டேன், அவ்வளவுதானே?

தன்னிச்சையானது என்றால் வேகமானது என்று பொருளில்லை என்று நீ பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வாய். வினை எந்தத் திசையில் போகும் என்பதைத்தான் அந்தக் கணக்கு சொல்லும். எப்போது முடியும் என்று சொல்லாது. எனக்குள் நடப்பதன் திசை எனக்குத் தெரிந்துவிட்டது, வசந்தா. யாரும் தள்ளவில்லை, தானாகவே நடக்கிறது. திரும்பி வராது. இந்த மறதி மாலதியின் பெயர் வரைக்கும் வர எவ்வளவு காலம் ஆகும்? உன் பெயர் வரைக்கும்?

இதை யாரிடமாவது கேட்கலாம் என்றால் வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். எனக்கு எப்போதும் பயம்தான் முந்திக்கொள்ளும்.

வருகிற வெள்ளிக்கிழமை கடலூர் போகிறேன். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை என்று மாலதியிடம் சொல்லி, டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்வேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி கண்ணாடியைச் சொல்லித் தப்பிக்கத் தோன்றலாம். ஆனாலும் சொல்லிவிடுவேன். இன்னும் கொஞ்ச நாள் போனால், என்னைப் பற்றி மற்றவர்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும். இந்தச் செய்தியையாவது அவள் அப்பாவின் வாயால் கேட்கட்டும்.

இன்றைக்கும் உன்னை மறக்காத
உன் கணவன்,
சதாசிவம்