படத்தில் மட்டும் ஒரு தாலி

ஜூன் 14, சனிக்கிழமை

இன்று பிரிக்பீல்ட்ஸில் குமரனின் ஓவியக் கண்காட்சி திறந்தது. பதினாறு படங்கள், எல்லாவற்றிலும் நான்தான். ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும், "அப்புறம் பார்ப்போம்லா" என்பான்.

வாசலுக்கு நேரே நீலப் புடவைப் படம். அதற்காக மூன்று வாரம் வெறுங்கழுத்தோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். இன்று போய்ப் பார்த்தால் அந்தக் கழுத்தில் மஞ்சள் கயிற்றில் ஒரு தாலி தொங்குகிறது.

தனியே இழுத்துக் கேட்டேன். "கிள்ளான்லேருந்து அம்மா, சொந்தக்காரங்க எல்லாம் வராங்க. பார்த்தா என்ன நினைப்பாங்க? வியாழக்கிழமைதான் போட்டேன். நல்லாத்தானே இருக்கு?" என்றான்.

அவன் அம்மா வந்தார். படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எப்பம்மா கட்டுனான்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

குமரன் நான்கடி தள்ளித்தான் நின்றான். காதில் விழாததுபோல் யாரிடமோ நீல நிறத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான்.

"அவர்கிட்டயே கேளுங்க ஆன்டி" என்றேன். ஆன்டி அவனிடம் கேட்கவில்லை. சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனார். அந்தச் சிரிப்புதான் என்னைப் படுக்கவிடாமல் செய்கிறது.

எல்லோரும் போனபின் அந்தத் தாலியைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் வண்ணம் இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது. டிஷ்யூவை எடுத்து அழுத்தி ஒரு இழு இழுத்தேன். படத்தில் கழுத்து முழுக்க மஞ்சளாக அப்பிக்கொண்டது.

அவன் நன்றாகத் தூங்குகிறான். நாளை பத்து மணிக்குக் கண்காட்சியின் கதவைத் திறக்கப்போவதும் அவன்தான்.