முறுக்கிப் பிடுங்கிய மீன்

நரம்பை,
30.6.1974

அன்புள்ள அண்ணன் அரிகிருஷ்ணனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சிந்தாமணி எழுதுவது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், அம்மா மறைக்கச் சொன்னதையும் சேர்த்து. இங்கே எல்லோரும் சுகம், பம்பாய் மழையில் நீ எப்படி இருக்கிறாயோ என்று அம்மாவுக்கு ஓயாத கவலை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை.

பாகூர் மார்க்கெட்டில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அம்மா மீன் விற்கும் இடம் உனக்குத் தெரியும். அங்கே சுங்கம் வசூலிக்கும் ஆதிமூலம், சுங்கச் சீட்டுக்கான காசு வாங்கிய பிறகும் கூடைக்குள் கைவிட்டு நல்ல மீனாக எடுத்துக்கொண்டு போவான், கேட்டால் இடம் போய்விடும் என்பான். இரண்டு வருஷமாக இதை உனக்கு எழுத அம்மா விடவில்லை. பதினைந்து நாளுக்கு முன் கூடையை இறுக மூடிக்கொண்டாள், அவன் அவளைச் சாக்கடை ஓரத்துக்குத் துரத்திவிட்டான். கொம்யூன் பஞ்சாயத்துக்குப் புதிதாக வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, அதனால் மனு எழுதும் சூசைநாதனை இங்கிலீஷில் எழுதச் சொன்னோம். அம்மா ‘பிரைப்’ கொடுத்து வந்ததாக எழுதிவிட்டார். எனக்குச் சந்தேகம் வந்து பள்ளிக்கூடத்துப் பெரிய அகராதியைப் பார்த்தேன். பழைய பிரெஞ்சில் அது பிச்சைக்காரனுக்குப் போடும் ரொட்டித் துண்டாம், இப்போது லஞ்சம் என்று அர்த்தம், கொடுத்தவர் மேலும் குற்றம் வரும் என்றார் வாத்தியார். ‘எக்ஸ்டார்ஷன்’ என்றால் மிரட்டிப் பறிப்பது, லத்தீனில் முறுக்குவது என்ற வேரிலிருந்து வந்ததாம். ‘பிளாக்மெயில்’ என்பது ஸ்காட்லாந்து எல்லையில் மாட்டை ஓட்டிப் போகாமலிருக்கக் குடியானவர்கள் கொள்ளைக்காரர்களுக்குக் கட்டிய கப்பம் என்று நான் வீட்டில் வந்து சொன்னதும், அந்த ஊரிலும் ஒரு ஆதிமூலம் இருந்திருக்கிறான் என்று அம்மா சிரித்தாள். பிறகு சொன்னாள்: “பிச்சக்காரனுக்குன்னா மனசாரப் போடுவேன்டி. இவன் துணி புழியற மாரி முறுக்கிப் புடுங்கிக்கினு போறான். அந்த வார்த்தையவே எய்தச் சொல்லு.”

பாவாடை கட்டிய பெண் எனக்குப் பாடம் நடத்துகிறாளா என்று சூசைநாதன் முணுமுணுத்தார், ஆனால் மாற்றி எழுதினார். நம் மேல் பழி வராது என்று தெரிந்ததும், அதுவரை பயந்திருந்த, அம்மாவோடு மீன் விற்கும் குப்புவும் இன்னும் ஐந்து பேரும் கைநாட்டு வைத்தார்கள். அதிகாரி வியாழக்கிழமை நேரில் வந்து, விசாரணை முடியும்வரை யார் கூடையிலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, அம்மாவைப் பழைய இடத்தில் உட்கார வைத்தார். நேற்று நம் வீட்டில் சங்கரா மீன் குழம்பு, நல்ல மீன் வீட்டுக்கு வந்து நாளாயிற்று.

உன் மேஸ்திரியும் உன்னிடம் இப்படி எதையாவது பிடுங்குகிறானா, மறைக்காமல் எழுதச் சொல்கிறாள் அம்மா. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நோய்நொடி அண்டாமல், யாருக்கும் தலைகுனியாமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா தையலம்மாள்
(கைநாட்டு)

அண்ணா, நாளைக்குத்தான் விசாரணை. ஆதிமூலம் வருவதற்கு முன்பே போய்த் தன் இடத்தில் உட்கார வேண்டும் என்று அம்மா லைட்டை நிறுத்தச் சொல்கிறாள்.